அடுப்பை எண்ணிக் கொடுத்த காணி

போன மாதம் பர்ஸானா அம்பிட்டியவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தாள். முப்பது வருடத்துக்கு மேல் நான் பார்த்த வேலையை இப்போது பார்க்கிறவள். நகரத்துக்குள் ஒண்டிக் கிடக்கிற ஏழைக் குடும்பங்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டுக் காணியும் அதில் ஒரு வீடும் கிடைக்க வழி செய்கிற உத்தியோகம். கீழ்த்தோட்டத்தை இடித்துத் தொடர்மாடி கட்டப் போகிறார்களாம். அதற்காக வீடு வீடாகக் குடும்பங்களை எண்ணுகிறார்கள். கையில் ஆளுக்கொரு டெப், விரலால் தொட்டு எழுதுகிற சின்னக் கணினி. அதில் 'குடும்பங்களின் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம். ஒரே வீட்டில் தகப்பன், இரண்டு மகன்மார், புருஷனை விட்டு வந்த ஒரு மகள் என்று இருந்தால் அந்தக் கட்டத்தில் என்ன போடுவது என்று புதுப் பிள்ளைகளுக்குள் தகராறு.

"மிஸ், குடும்பம்ண்டா என்னாண்டு நீங்க எப்புடி முடிவு செஞ்சீங்க? பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு வந்து சொல்லித் தரணும்" என்றாள்.

தேத்தண்ணீர் ஆறுகிறது, குடி என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். முழங்கால் வலி, படி ஏற ஏலாது என்று சாக்கும் சொன்னேன். முழங்கால் வலி உண்மைதான். ஆனால் அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்லத் தொடங்கினால் நடுவில் குரல் உடைந்துவிடும் என்பது அதைவிட உண்மை. அதனால் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். வேண்டுமானால் அவளே பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டட்டும்.

கண்டியில் தோட்டம் என்றதும் வெளியூர்க்காரர்கள் தேயிலையை நினைப்பார்கள். எங்களுக்கு நகரத்துக்குள்ளேயும் தோட்டங்கள் உண்டு. பள்ளத்தில், ஓடைக்கரையில், யாரும் வேண்டாமென்று விட்ட சரிவில், தகரத்தையும் பலகையையும் சேர்த்து நெருக்கிக் கட்டிய வீடுகளின் கூட்டத்துக்கும் அதுதான் பெயர். அம்பிட்டியவுக்கு ஏறுகிற பாதைக்குக் கீழே இருந்த அப்படியான ஓரிடத்தைக் கீழ்த்தோட்டம் என்றே எழுதுகிறேன். மாநகரசபையில் வீதி கூட்டுகிறவர்கள், சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறவர்கள் என்று பெரும்பாலும் நம் மலையகத் தமிழ்ச் சனம். இடையில் சில முஸ்லிம் குடும்பங்களும் சிங்களக் குடும்பங்களும் இருந்தன. எல்லாரும் நகரத்துக்கு வேண்டிய வேலை செய்தார்கள். யாருக்கும் காலடியில் இருந்த மண் சொந்தமில்லை.

என் அப்பா கண்டி டவுனில் ஒரு புடவைக்கடையில் கணக்குப்பிள்ளை. நான் உயர்தரம் முடித்து, பரீட்சை எழுதி, பல்லேகலவில் ஒரு மண்டபத்தில் சில கிழமைகள் பயிற்சி பெற்று வேலைக்கு வந்தேன். அந்தப் பயிற்சியில் 'மக்கள் பங்களிப்பு' என்ற சொல்லை எத்தனை தரம் கேட்டேனோ தெரியாது. மக்களைத்தான் ஒருவரும் கூட்டி வரவில்லை. வேலையைக் கற்றுக்கொண்டதெல்லாம் நடராசா சேருக்குப் பின்னால் நடந்துதான்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் பிரிவுக்குப் பொறுப்பதிகாரி. ஒல்லியான, நெடிய ஆள். எந்த வெயிலிலும் கையில் ஒரு கறுப்புக் குடை. மழை பெய்தாலும் அதை விரிக்கமாட்டார், மலைச்சரிவில் இறங்க அது அவருக்கு ஊன்றுகோல். தோட்டத்துக்குள் போனால் முதல் வீட்டில் தேத்தண்ணீர் குடிக்கமாட்டார். குடித்தால் அந்த வீட்டாரின் ஆள் என்று பெயர் வந்துவிடுமாம். ஆகக் கடைசி வீட்டில், ஓடைக்குப் பக்கத்தில், யாரும் எட்டிப் பார்க்காத வீட்டில்தான் குடிப்பார். அங்கே சீனி இல்லையென்றால் சீனி இல்லாமலே குடித்துவிட்டு, நல்லாயிருக்கு என்று சொல்லுவார். கந்தோரில் இருந்தபடி காணியைக் கோடு போட்டுப் பிரிக்கிற அதிகாரிகளைக் கண்டால் அவருக்கு ஆகாது. "கடுதாசியில சரிவு தெரியாது, பிள்ளை" என்பார்.

குடும்பத்தை எண்ணுகிற விதத்தையும் அவரேதான் சொல்லித் தந்தார். எங்கள் பிரிவில் வாசலை எண்ணக்கூடாது, ஆளை எண்ணக்கூடாது, அடுப்பை எண்ண வேண்டும். வாசல் ஒன்றாக இருக்கும், உள்ளே மூன்று குடும்பம் சாக்குத் திரை போட்டு இருக்கும். வாசலைப் பார்த்து ஒன்று என்று எழுதினால் இரண்டு குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். எங்களுக்கு முன்னால் அப்படி எழுதி, அப்படித் தெருவில் விட்டும் இருக்கிறார்கள். தனியாக உலை வைக்கிறவள் தனிக் குடும்பம், அவளுக்குத் தனித் துண்டு. இதுதான் விதி. ஏழைகளுக்குச் சாதகமான விதி என்பதால் எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

ஆனால் குசினிக்குள் ஆண் அதிகாரி போய் அடுப்பை எட்டிப் பார்க்க முடியாது. 'உங்கள் வீட்டில் எத்தனை அடுப்பு' என்று நேராகக் கேட்டால் எல்லாரும் விரலைக் கூட்டித்தான் காட்டுவார்கள். நடராசா சேர் வெளியே நின்று, குடையை ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு பெண்ணிடமும் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"இண்டைக்கு என்ன கறி?"

ஒரு கூரைக்கு அடியில் இருக்கும் பெண்களிடம் தனித்தனியாகக் கேட்பார். ஒருத்தி பருப்பு என்பாள், மற்றவள் பலாக்கொட்டை என்பாள். சேர் என்னைத் திரும்பிப் பார்ப்பார், நான் இரண்டு என்று எழுதுவேன். அவ்வளவுதான் எங்கள் பெரிய விஞ்ஞானம். கண்டியைச் சுற்றியிருந்த பல தோட்டங்களில் இந்தக் கேள்வியால் வீடு கிடைத்தவர்கள் இருக்கிறார்கள். அதையும் சொல்ல வேண்டும், நான் ஒன்றும் எல்லாவற்றையும் ஒப்பாரியாக வைக்க வரவில்லை.

கீழ்த்தோட்டத்தில் எண்ணப் போனபோதுதான் பாக்கியத்தையும் லெட்சுமியையும் கண்டேன். அக்கா தங்கை. அம்மா அப்பா இல்லை. இரண்டு பேருக்கும் கல்யாணமாகிப் பிள்ளைகள் இருந்தார்கள். இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில், நடுவில் பழைய அலுமாரியைத் தடுப்பாக நிறுத்தி, இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பமாக இருந்தார்கள். அக்கா பாக்கியம் விடிய எழும்பி இடியப்பம் அவித்து டவுன் கடைகளுக்குக் கொடுப்பாள். அவள் புருஷன் ராமையா மாநகரசபையில் வீதி வேலை. தங்கை லெட்சுமிக்குப் பேராதனையில் ஆஸ்பத்திரித் துப்புரவு வேலை. அவள் புருஷன் சுப்பையா சந்தையில் நாட்டாமை, மூட்டை தூக்குகிறவர். லெட்சுமிக்குச் சமைக்க நேரம் கிடையாது, பாக்கியம் எப்படியும் அடுப்படியிலேயே நிற்கிறவள். அதனால் இரண்டு குடும்பத்துக்கும் அவளே பொங்கினாள். அக்கா பிள்ளைகள் தங்கை மடியில் தூங்கும், தங்கை பிள்ளைகள் அக்காவிடம் அடி வாங்கும். எந்தப் பிள்ளை யாருடையது என்று எனக்கு வெகு நாள் பிடிபடவில்லை.

சேர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். அன்றைக்கு லெட்சுமிக்கு லீவு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "பருப்பும் கருவாடும்" என்றார்கள். சொல்லிவிட்டு ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள். சேரும் சிரித்தார். நான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு எழுதாமல் நின்றேன்.

அது முதல் சுற்று. ஒரு கிழமை கழித்து உறுதிப்படுத்தும் சுற்று வரும், அதில் எழுதுவதே முடிவு. நான் மெதுவாகப் பின்னால் தங்கி, சகோதரிகளிடம் விதியைச் சொன்னேன். இரகசியம் ஒன்றுமில்லை, எல்லாருக்கும் கூட்டத்தில் சொன்னதுதான். அடுப்பு வேறானால் துண்டு வேறு, ஒரே அடுப்பென்றால் ஒரு துண்டு.

பாக்கியத்துக்கு முகம் கறுத்துவிட்டது. "என்னா மிஸ் பேசுறீங்க? நாங்க அடுப்ப பிரிக்கணுமா? ஊரு என்னா சொல்லும், அக்கா தங்கச்சி சண்ட போட்டு ஒல வேறயாக்கிட்டாளுங்கன்னுதானே சொல்லும்?"

"சும்மா எண்ணுற அன்னைக்கு மட்டும் மூணு கல்ல வச்சிட்டா போச்சு அக்கா" என்றாள் லெட்சுமி. அவள் எதையும் விளையாட்டாக எடுக்கிறவள்.

"வாய மூடு. வெளாட்டுக்குக்கூட அதச் செய்யக்கூடாது" என்று பாக்கியம் எழும்பிப் போய்விட்டாள்.

எங்கள் சனத்துக்கு இது விளங்கும். ஒரே வீட்டில் இரண்டாவது அடுப்புப் போடுவது கல் வைக்கிற விஷயம் இல்லை, உறவை அறுக்கிற விஷயம். மாமியார் மருமகள் சண்டை முற்றினால், அண்ணன் தம்பி பேச்சை நிறுத்தினால், அப்போதுதான் அடுப்புப் பிரியும். அதற்குப் பிறகு ஒட்டிய குடும்பத்தை நான் கண்டதில்லை.

ஆனால் தோட்டத்தில் மற்றவர்களுக்கு இந்தக் கூச்சம் கிடையாது. உறுதிப்படுத்தும் சுற்றுக்குப் போனபோது கீழ்த்தோட்டம் முழுக்கப் புது அடுப்பு முளைத்திருந்தது. புருஷன் பெண்சாதி இரண்டே பேர் இருக்கிற வீட்டில்கூட இரண்டு அடுப்பு. ஒரு வீட்டில் செங்கல் இன்னும் ஈரமாக இருந்தது. கலியாணமாகாத மகனுக்கு ஒரு அடுப்பு, அவன் சோறு வடிக்கிறதைப் பார்த்த ஒருவரும் இல்லை. சேர் என்னை உள்ளே அனுப்பி, அடுப்புக்கு மேலே கூரைத் தகரத்தை விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பழைய அடுப்பு என்றால் மேலே கரி தடித்து, எண்ணெய்ப் பிசுக்கோடு விரலில் ஒட்டும். புது அடுப்புக்கு மேலே தகரம் சுத்தமாக இருக்கும். அன்று முழுக்கக் கறுத்த விரல்களோடு இறங்கி வந்தேன். சுத்தமான தகரத்துக்கெல்லாம் ஒன்று என்றே எழுதினோம். வாக்குவாதம், சாபம், ஒருவன் சேரின் குடையைப் பிடித்துக்கூட இழுத்தான்.

பாக்கியம் வீட்டில் ஒரே அடுப்பு. அதே அடுப்பு. ஒன்று என்று எழுதினோம்.

மறுநாள் சகோதரிகள் இரண்டு பேரும் கந்தோருக்கு வந்தார்கள். லெட்சுமி வேலைக்குப் போகாமல் வந்திருந்தாள். சேர் கதிரை காட்டினார், உட்காரவில்லை.

"ஐயா, நாங்க பொய் சொல்லல. அடுப்பு ஒன்னுதான். ஆனா குடும்பம் ரெண்டு. எங்க புருஷன்மாரு வேற, புள்ளைங்க வேற. தோட்டத்துல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. ரெண்டுன்னு எழுதுங்க ஐயா" என்றாள் பாக்கியம். சாதாரணமாக அவள் கெஞ்சுகிற ஆள் இல்லை.

லெட்சுமிக்குக் கோபம் வந்துவிட்டது. "சண்ட போட்டிருந்தா ரெண்டு துண்டு தருவீங்க. ஒத்துமையா இருந்ததால ஒன்னு. இது என்னா நாயம் ஐயா?"

நடராசா சேர் எங்கள் எண்ணிக்கைத் தாளை எடுத்து இன்னொரு தரம் பார்த்தார். பிறகு, "நீங்க சொல்லுறது சரி. ஆனா என்னால ஏலாது" என்றார். அவர்கள் போனபிறகு நான் அவரோடு சண்டைக்குப் போனேன். உண்மை பேசினவர்களுக்குத் தண்டனையா என்று கேட்டேன். என் வாழ்க்கையில் மேலதிகாரியிடம் குரலை உயர்த்தியது அந்த ஒரு தரம்தான்.

அவர் கோபிக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு, "வாரும்" என்று என்னைக் கீழ்த்தோட்டத்துக்கே கூட்டிப்போனார். சரிவின் மேலே நின்று கீழே காட்டினார். மண் சரியாத, துண்டு போடக்கூடிய நிலம் அந்த ஓடைக்கு மேலே இருந்த பகுதி மட்டும்தான். அதில் ஆகச் சிறிய துண்டாகப் பிரித்தாலும் எண்ணிய குடும்பங்களுக்கு மட்டுமட்டாகத்தான் காணும். கடைசித் துண்டு, ஓடைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு விதவைக்கும் அவளுடைய நடக்க முடியாத மகனுக்கும் உரியது. அவர் வழக்கமாகத் தேத்தண்ணீர் குடிக்கிற வீடு அது.

"இவைக்கு ரெண்டு குடுத்தால் ஆரை வெளியில விடுறது எண்டு நீர் சொல்லும், பிள்ளை. அதோட, இவையின்ர வாய்ச்சொல்லை நான் எடுத்தால், நேற்று ஈரச் செங்கல் வைச்சவையின்ர வாய்ச்சொல்லை என்னெண்டு தள்ளுறது?"

அவர் செய்தது சரி என்றுதான் அன்று நினைத்தேன், இன்றும் அதையேதான் நினைக்கிறேன். அவர் பிழை செய்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும், திட்டித் தீர்த்துவிட்டுத் தூங்கியிருப்பேன்.

அவர் சும்மா விட்டுவிடவும் இல்லை. ஒரு துண்டை இரண்டு சகோதரிகள் பெயரிலும் எழுத முடியுமா என்று கொழும்பில் தலைமைக் காரியாலயத்தைக் கேட்டுப் பார்த்தார். புருஷன் பெண்சாதி பெயரில் எழுதலாம், மற்றப்படி ஒரு துண்டுக்கு ஒரு பெயர்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

துண்டு போடுகிற நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அந்த வேலை எனக்கு மிகவும் பிடித்தமானது. வரைபடம் கிடையாது. ஆப்பும் நூலும் மட்டும். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் மூலையில் ஆப்பைப் பிடித்து நிற்பார்கள், நூலை இழுத்துக் கட்டுவோம், அயல் வீட்டுக்காரன் சரியென்று தலையாட்டிய பிறகுதான் ஆப்பை அடிப்பது. பாதைக்கு இடம் விடச் சொன்னால் எல்லாரும் அடுத்தவன் பக்கத்தைக் காட்டுவார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஆப்பு தானாக ஒரு சாண் நகர்ந்து போயிருக்கும், கேட்டால் நாய் இழுத்தது என்பார்கள். சிரிப்பும் சத்தமுமாக ஒரு கோயில் திருவிழா மாதிரி இருக்கும்.

சகோதரிகளின் துண்டு வந்தது. ஆப்பு அடித்தாயிற்று. யார் பெயரில் எழுதுவது என்று சேர் கேட்டார்.

"தங்கச்சி பேர்ல எழுதுங்க. அவளுக்கு ரெண்டும் பொட்டப் புள்ளைங்க" என்றாள் பாக்கியம்.

"இல்லீங்க ஐயா, அக்கா பேர்ல எழுதுங்க. என்னைய வளத்து ஆளாக்கினது அவதான்" என்றாள் லெட்சுமி.

"நீ பேசாம இரு."

"நீ பேசாம இரு அக்கா."

சுற்றி நின்ற சனம் சிரித்தது. காணிக்காக ஒரு சாண் ஆப்பை நகர்த்துகிற ஆட்கள் நடுவில், எனக்கு வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்று இரண்டு பேர் சண்டை பிடிப்பதைப் பார்த்தால் சிரிப்பு வராமல் என்ன செய்யும். நானும் சிரித்தேன். சேர் மட்டும் சிரிக்கவில்லை. அடுப்பைப் பார்க்கிறவள் பெயரில் எழுதுவதுதான் எங்கள் வழக்கம் என்று சொல்லி, பாக்கியம் பெயரை எழுதச் சொன்னார். லெட்சுமி கை தட்டினாள்.

யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் அவர்கள் இரண்டு பேரும் சமமாக இருந்தார்கள். அந்தப் பெயரை எழுதியதோடு அது போய்விட்டது என்பது அங்கே நின்ற ஒருவருக்கும் உடனே தெரியவில்லை.

தகரத்தைப் பிரித்துக் கல் வீடு எழும்பியது. கட்டுவதற்குக் கடன் பாக்கியத்தின் பெயரில். சீமெந்து மூட்டையைச் சுமந்தது சுப்பையா, அவருக்கு அது பழகின வேலை. கல் அடுக்கியது ராமையா. லெட்சுமி ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து மண் சுமந்தாள். ஒரு குடும்பமாகத்தான் கட்டினார்கள். கட்டடம் எந்த அளவில் நிற்கிறது என்று பார்க்க நான் இடைக்கிடை போவேன். ஒவ்வொரு தரமும் பாக்கியம் இடியப்பமும் சம்பலும் தருவாள்.

குடிபுகுந்து சில மாதங்கள் இருக்கும். ஒரு நாள் நான் போயிருந்தபோது, லெட்சுமியின் புருஷன் சுப்பையா அவர்கள் பக்கத்துச் சுவரில் சாமிப் படம் மாட்ட ஆணி அடித்துக்கொண்டிருந்தார். ராமையா வாசலில் இருந்தபடி, "பாத்து அடிங்க, புதுச் செவுரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். யாரும் சொல்லக்கூடிய சொல். தகரச் சுவராக இருந்த காலத்தில் அதே சொல்லைச் சொல்லியிருந்தால் சுப்பையா சிரித்திருப்பார்.

சுப்பையா சுத்தியலைக் கீழே வைத்தார். "ஒங்க செவுருதானே, நீங்களே அடிச்சுத் தாங்க" என்றார்.

ராமையாவுக்கு முதலில் விளங்கவேயில்லை. விளங்கியதும், அவரும் மனிதர்தானே, "எங்க செவுருதான்" என்று சொல்லிவிட்டார். பாக்கியம் அடுப்படியிலிருந்து ஓடிவந்து புருஷனைத் திட்டினாள். லெட்சுமி தன் புருஷனைத் திட்டினாள். இரண்டு பேரும் நல்லதுக்குத்தான் திட்டினார்கள். சாமிப் படம் அன்றைக்குச் சுவரில் சாய்த்து வைத்தபடியே இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சின்ன விஷயங்கள்தான், எழுதினால் வாசிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். மின்சாரம் எடுக்கப் பாக்கியத்தின் கையெழுத்து வேண்டும். வீட்டுக்கு வருகிற ஆட்கள் 'ராமையா வீடு எது' என்று கேட்பார்கள். லெட்சுமியின் மூத்த பெண் பள்ளிக்கூடத்தில் 'பெரியம்மா வீட்டில் இருக்கிறோம்' என்று சொல்லிவிட்டு வந்தாள். சுப்பையாவால் அதைத் தாங்க முடியவில்லை. கடன் கட்டத் தானும் தருவதாகச் சொன்னார், ராமையா வேண்டாம் என்றார், அதுவும் குற்றமாகப் போயிற்று. கொடுத்திருந்தாலும் குற்றமாகத்தான் போயிருக்கும்.

அடுத்த தரம் நான் போனபோது லெட்சுமியின் பக்கம் காலியாக இருந்தது. கலஹாவுக்கு மேலே சுப்பையாவின் சொந்தக்காரர்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தில், ஒரு லயத்துக் காம்பிராவுக்கு, தொழிலாளர்களின் வரிசை வீட்டில் ஓர் அறைக்கு, போய்விட்டார்கள். சகோதரிகளின் தாய் தகப்பன் எப்படியான லயத்தை விட்டு டவுனுக்கு வந்தார்களோ, வீடு தருகிற எங்கள் திட்டம் அவர்களை அப்படியான ஒரு லயத்துக்கே திருப்பி அனுப்பியிருந்தது. பாக்கியம் என்னிடம் ஒன்றும் குறை சொல்லவில்லை.

"போறேன்னு சொல்லல மிஸ். நான் கடைக்கு இடியப்பம் குடுத்துட்டு வந்தேன், சாமான் எல்லாம் ஏத்தியாச்சு. கொஞ்ச நாளு இருந்துட்டு வந்துருவா" என்றாள். அன்றைக்கும் பழைய அளவிலேயே அரிசி போட்டிருந்தாள். மிஞ்சின சோற்றை என் கண் முன்னாலேயே அயல் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினாள்.

நடராசா சேரிடம் வந்து சொன்னேன். அப்போது ஓய்வு பெறுகிற வயதை நெருங்கியிருந்தார். மேசையில் இருந்த கடுதாசிகளை அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்தார்.

"கணக்கில பிழையில்லை, பிள்ளை" என்றார். கடுதாசிகளை மறுபடி அடுக்கிக்கொண்டே, "பிழை இருந்தால் திருத்தியிருக்கலாம். அதுதான் எனக்கு நித்திரை வருகுதில்லை" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் அவர் கலஹாவுக்கு பஸ் எடுத்துப் போய் லெட்சுமியையும் புருஷனையும் பார்த்துப் பேசிவிட்டு வந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். மரியாதையாகத்தான் உபசரித்தார்களாம். திரும்பி வருவதைப் பற்றி மட்டும் பேச விடவில்லையாம். ஓய்வு பெற்று ஊருக்குப் போன சில வருடங்களில் அவர் இறந்துபோனார். யுத்தத்தால் யாழ்ப்பாணப் பாதை மூடிக் கிடந்த காலம், சாவீட்டுக்கு என்னால் போக முடியவில்லை.

பிறகு அந்தப் பொறுப்புக்கு நானே வந்தேன். அடுப்பு விதியை மாற்றிப் பார்த்தேன். குடும்ப அட்டையைப் பார்த்து எண்ணினால், அட்டை இல்லாதவர்கள் விடுபட்டுப் போனார்கள். கல்யாணப் பதிவைக் கேட்டால், பதியாமல் குடும்பம் நடத்துகிறவர்கள் விடுபட்டார்கள். அயலாரைக் கேட்டு எழுதினால், அயலாரோடு ஒத்துப் போகாதவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சுற்றிச் சுற்றி அடுப்புக்கே வந்து சேர்ந்தேன். ஆகவே பர்ஸானா, உனக்குச் சொல்ல என்னிடம் நல்ல விதி எதுவும் இல்லை. நீ எப்படி எண்ணினாலும் எண்ணு. எண்ணி முடித்து, பெயர் எழுதுவதற்கு முன்னால், அந்த வீட்டில் பெயர் விழாத ஆள் யார் என்று பார்த்து அவரோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திரு. அதனால் ஒன்றும் மாறாமல் போகலாம், என்றாலும் உட்கார்ந்திரு.

இதை எழுத வைத்தது பர்ஸானாவின் கேள்வி மட்டும் இல்லை. அவள் வந்துபோன அடுத்த கிழமை பேராதனை ஆஸ்பத்திரியில் என் முழங்காலைக் காட்டிவிட்டு பஸ்ஸுக்கு நின்றேன். பக்கத்தில் ஒரு வயதான பெண், கையில் மருந்துப் பை. அவள்தான் என்னை முதலில் அடையாளம் கண்டாள். லெட்சுமி. தான் துப்புரவு செய்த அதே ஆஸ்பத்திரியில் இப்போது கிளினிக்குக்கு வருகிறாள். சுப்பையா போய்ச் சேர்ந்துவிட்டார். பெண்கள் இரண்டும் கல்யாணமாகி ஒருத்தி கொழும்பில், ஒருத்தி வெளிநாட்டில். இவள் இன்னும் அந்த லயத்திலேயே, தனியாக.

அக்காவைப் பார்க்கப் போவதுண்டா என்று கேட்டேன். நல்லது கெட்டதுக்குப் போய் முன் கதிரையில் இருந்துவிட்டு வருவாளாம், சாப்பிடுவதில்லையாம். இரண்டு பேருக்கும் இப்போது கோபம் ஒன்றும் இல்லை, பேசுவதற்கும் ஒன்றும் இல்லை என்றாள்.

பிறகு அவளாகவே, "கீழ்த்தோட்டத்துல மறுபடி எண்ணுறாங்களாமே, மிஸ்? மாடி வீடு குடுக்கவாம். அக்கா வீட்டுக்கு எத்தன போட்டாங்க?" என்று கேட்டாள்.

பாக்கியத்துக்கு ஒன்றும் அவள் மகன்மார் இரண்டு பேருக்கு இரண்டுமாக மூன்று என்று பர்ஸானா சொல்லியிருந்தாள். அதைச் சொன்னேன்.

லெட்சுமிக்கு உண்மையாகவே சந்தோஷம். முகம் முழுக்கச் சிரித்தாள். "நல்லா இருக்கட்டும். புள்ளைங்க நெருக்கடியில இல்லாம இருக்கட்டும்" என்றாள். கலஹா பஸ் வந்து நின்றது. ஏறுவதற்காக ஒரு கையால் கம்பியைப் பிடித்தவள், திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் குரலில் குத்தல் இல்லை, பழைய விளையாட்டும் இல்லை.

"அன்னைக்கு எங்கள ரெண்டுன்னு எழுதச் சொல்லிக் கேட்டோம், எழுதல. இப்ப நாங்க ரெண்டுதான் மிஸ். இப்ப எழுதத்தான் யாரும் வரமாட்டாங்க."